ரூ கிண்டுகிறவருக்குக் கால் கிடையாது

நன்றி சொல்ல யாராவது வருகிறார்கள் என்று தெரிந்தால் ஓவீட் ட்ரஹான் ஓடிவிடுவார். அறுபதைத் தாண்டிய ஆள். மழை வரப்போவதை வானொலிக்கு முன்பே அவருடைய முழங்கால்கள் அறிவித்துவிடும். அந்த முழங்கால்களோடுதான் ஓடுவார்.

பக்கத்து வீட்டு எமில் ரோஷோன், நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே உள்ள ரேன் ஊர் உயர்நிலைப் பள்ளியில் பேண்டு வாத்தியம் சொல்லிக்கொடுப்பவன். போன செப்டம்பரிலிருந்து அவரைத் துரத்திக்கொண்டிருக்கிறான். கையில் ஒரே ஒரு நன்றி. அதைக் கொடுத்துவிட்டு வர முடியவில்லை.

நடந்தது இதுதான். செப்டம்பர் வெள்ளத்தில் ஊரைச் சுற்றியிருந்த நெல்வயல்களும் சாலைகளும் ஒன்றாகிப்போன காலையில், எமிலின் மனைவி கிளெலிக்கு வலி கண்டது. ஆம்புலன்ஸ்காரர்கள் தொலைபேசியில் பதற்றப்பட வேண்டாம் என்றார்கள். அதை அவர்களே முதலில் கடைப்பிடித்தார்கள், யாரும் வரவில்லை. வந்தது ஓவீட். யாரும் கூப்பிடாமல், வயலில் கிராஃபிஷ் என்கிற நன்னீர் இறால் பிடிக்கிற தகரப் படகில் வந்தார். பின்னால் இரும்புச் சக்கரம் வைத்த படகு அது. தண்ணீரில் மிதக்கும், வரப்பு வந்தால் ஏறி இறங்கும். பொறிக்கு வைக்கும் இரை மீன் மூட்டைகளுக்கு நடுவே கிளெலியை உட்காரவைத்து, வயல் வயலாகக் கடந்து, ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியதல்ல, நாற்றத்தைப் பற்றியது. எமில் அதற்குப் பதில் சொல்லிவிட்டுத் திரும்புவதற்குள் படகையும் காணோம், படகுக்காரரையும் காணோம்.

அதற்குப் பிறகு எமில் கேக் எடுத்துக்கொண்டு போனான். “நான் வீட்டுல இல்ல” என்று உள்ளேயிருந்து ஓவீட் குரல் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மடக்கலாம் என்று பார்த்தான். குருவானவர் கடைசி ஆசீருக்குக் கை தூக்கும்போதே ஓவீட்டின் வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும். ஆசீர் இல்லாமல்கூட அவரால் வாழ முடியும், நன்றியோடுதான் முடியாது.

இப்போது காரியம் அவசரமாகிவிட்டது. குழந்தை அடேல் உட்கார ஆரம்பித்துவிட்டாள், இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை. ஊரில் இது வாய்க்கு அவல். தகரப் படகு ஓட்டியவர்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும், வேறு யாரும் நிற்கக் கூடாது என்பது கிளெலியின் முடிவு. வரும் ஈஸ்டருக்குள் ஆள் கிடைக்காவிட்டால் தன் தங்கை மகன் டட்லிதான் என்பது கிளெலியின் அம்மாவின் முடிவு. டட்லி காப்பீட்டு முகவர். போன வருஷம் ஒரு சாவு வீட்டில் விண்ணப்பப் படிவம் நீட்டியவன்.

“நன்றிய விட்டுடு. நேரா விஷயத்துக்கு வா. பரேனா நிக்கிறீங்களான்னு கேட்டுடு” என்றாள் கிளெலி. பரேன் என்றால் இங்கே ஞானத்தகப்பன்.

“நன்றி சொல்லாம வேலைய மட்டும் குடுக்கவா? ஏற்கனவே நம்மள ஒரு தடவ சுமந்துட்டாரு. ‘இன்னும் ஒரு சுமை இருக்கு, வாங்க’ன்னு சொல்ற மாதிரி இருக்கும்.”

“அப்ப அவரை எங்கயாவது நிக்க வை.”

“எங்க நிப்பாரு அந்த மனுஷன்?”

கிளெலி அடுப்பைப் பார்த்தாள்.

ரூ என்றதும் காசை நினைக்க வேண்டாம். எண்ணெயும் மாவும்தான். இரும்புச் சட்டியில் மெல்லிய தீயில் இரண்டையும் போட்டுக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். குழம்பின் உயிர் அது. தும்முவதற்குத் திரும்பினால்கூட அடியில் கரும்புள்ளி விழும். விழுந்தால் சட்டியோடு வெளியே கொட்டிவிட வேண்டியதுதான், எந்த வாசனைப் பொருளும் அதைக் காப்பாற்றாது. அதனால் இந்தப் பக்கத்தில், ரூ கிண்டுகிறவர் கதவைத் திறக்கத் தேவையில்லை, தொலைபேசியை எடுக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் தீப்பிடித்து, தீயணைப்பு வண்டி வந்து, அணைத்து, திரும்பியும் போனதாம். வீட்டுக்காரம்மாள் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. எரிந்தது பின்பக்கக் கொட்டகைதான் என்பதை மட்டும் சொல்பவர்கள் கடைசியில் சொல்வார்கள்.

பெரிய வெள்ளி வந்தது. அன்று இங்கே யாரும் மண்ணில் மண்வெட்டி போடமாட்டார்கள், இறைச்சி தொடமாட்டார்கள். ஆக, ஓவீட்டுக்குத் தோட்டத்து வேலை என்று சாக்குச் சொல்ல வழியில்லை. எமில் வீட்டில் கூபியோன் என்னும் மீன் குழம்புக்காகக் கெளுத்தி மீன் துண்டுகள் உப்பும் மிளகாய்த்தூளும் பூசிக்கொண்டு தட்டில் காத்திருந்தன. தலைகள் பின்னடுப்பில் பிரிஞ்சி இலையோடு கொதித்துக்கொண்டிருந்தன. வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் பொடிப்பொடியாக ஒரு கிண்ணத்தில். பிதா, சுதன், ஆவி போல மூன்றையும் சேர்த்து இந்த ஊரார் திரித்துவம் என்பார்கள். அன்றைக்குக் குருவானவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார், அவர் வீட்டிலும் மீன்தான்.

எமில் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல், அதாவது பட்டணத்துப் பிரெஞ்சு வழி, கிளெலி நெல்வயல் கேஜன், அதாவது நாட்டுப்புறத்துப் பிரெஞ்சு வழி. கல்யாணத்தின்போது இரண்டு குடும்பங்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போயின, ரூவின் நிறத்தைத் தவிர. பட்டணத்தார் ரூ கடலை வெண்ணெய் நிறம் வந்ததும் போதும் என்பார்கள். இங்கே அது சாக்லேட் நிறத்துக்குப் போகாவிட்டால் அதற்குப் பெயர் ரூ அல்ல, கஞ்சி.

கிளெலி தொலைபேசியை எடுத்தாள்.

“மிஸ்டர் ஓவீட், சாப்பிடக் கூப்பிடல, பயப்படாதீங்க. ஒரு சந்தேகம். எமில் தானே கூபியோன் வைக்கிறேன்னு நிக்கிறான். கெளுத்திக் கூபியோனுக்கு ரூ எந்த நிறத்துல எறக்கணும்?”

“உனக்குத் தெரியாதா, ஷா?” ஷா என்பது இங்கே கண்ணே மாதிரி, ஓவீட் தன் நாயையும் அப்படித்தான் கூப்பிடுவார்.

“எனக்குத் தெரியும். அவன் கேக்க மாட்டேங்கிறான். இப்பவே வெங்காயத்த போடப்போறானாம்.”

“இப்ப என்ன நிறத்துல இருக்கு?”

“கடித உறை நிறம்.”

மறுமுனையில் தொலைபேசி வைக்கப்பட்ட சத்தம். பிறகு, கிளெலி குழந்தையை இடுப்பில் ஏற்றுவதற்குள், பின்கதவு திறந்த சத்தம்.

ஓவீட் தொப்பியைக்கூடக் கழற்றாமல் சட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

“இதுக்கு என்ன ஒடம்புக்கு?”

“ரூ நல்லாத்தானே இருக்கு, மிஸ்டர் ஓவீட்.”

“மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு, வாத்தியாரே.”

“எங்கம்மா இந்த நிறத்துலதான் வெங்காயம் போடுவாங்க.”

“உங்கம்மாவ நான் ஒண்ணும் சொல்லல. நல்ல பொம்பளை. மீன்தான் பாவம்.”

எமில் திரித்துவக் கிண்ணத்தைச் சட்டிக்கு மேலே தூக்கினான். வெங்காயம் விழுந்துவிட்டால் ரூ அதற்கு மேல் கறுக்காது. “போட்டுரவா?”

“கையை எடுடா.”

கரண்டி கைமாறியது. ஓவீட்டின் தோள்கள் தாமாகவே கிண்டும் வாகுக்கு இறங்கின. எண்ணெய் வட்டமாகச் சுற்றியது, வறுபட்ட கடலை வாசம் எழுந்தது. அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டதும் போய்விட்டது. கிளெலி நாற்காலியைப் பின்கதவுக்கு முன்னால் இழுத்துப்போட்டு, மடியில் அடேலோடு உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பண்றீங்க ரெண்டு பேரும்?”

“நன்றி சொல்லப் போறோம்” என்றான் எமில்.

ஓவீட்டின் காதுகள் சிவந்தன. கதவைப் பார்த்தார். சட்டியைப் பார்த்தார். ரூ அப்போதுதான் செப்புக்காசு நிறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. விட்டுவிட்டுப் போகக்கூடிய நிறமா அது.

“பெரிய வெள்ளி அன்னிக்கிப் பொறி வைக்கிறீங்களே.”

“மண்ணைத்தான் தோண்டக் கூடாது. பொறி வைக்கலாம்” என்றாள் கிளெலி.

“சீக்கிரம் சொல்லி முடி” என்றார் ஓவீட், பல் பிடுங்குகிறவரிடம் சொல்வதுபோல.

எமில் ஒரு உரை தயாரித்து வைத்திருந்தான். முன்னுரையில் கடவுளும் முடிவுரையில் நல்ல அண்டை வீட்டாரும் வருகிற உரை. வாயைத் திறந்ததும் அது மொத்தமும் மறந்துபோனது. படகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

“ஒவ்வொரு வரப்புலயும் படகு ஏறும்போது, ‘மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்கம்மா’ன்னு சொல்லிட்டே வந்தீங்க. கிளெலி குலுங்கும்போதெல்லாம். எனக்கு அது காதுலயே இருக்கு.”

“அது வரப்புகிட்டச் சொன்னது. புதுசாக் கட்டின வரப்பு. சக்கரம் ஏறினா என்னத்துக்கு ஆவும்?”

“உங்க மழைக்கோட்டக் கழட்டி எம்மேல போட்டீங்க” என்றாள் கிளெலி. “அப்புறம் அக்டோபர் பூரா காய்ச்சல்ல கெடந்தீங்க. எங்ககிட்டச் சொல்லல. மருந்துக் கடையில சொல்லித்தான் தெரியும்.”

“அது வேற மழை.”

“வழி முழுக்க பேசிட்டே வந்தீங்க. இரை மீன் வெலை, பம்ப் ரிப்பேர், யாரோ ஒருத்தரோட மாடு வேலி தாண்டினது. வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசாத ஆளு. நான் அந்த மாட்டப் புடிச்சுக்கிட்டுதான் வந்து சேர்ந்தேன், மிஸ்டர் ஓவீட். வலி வரும்போதெல்லாம் அந்த மாடு என்ன ஆச்சுன்னு யோசிச்சுக்கிட்டேன்.”

கரண்டி வட்டம் போட்டது. ஓவீட் சட்டியிடம்தான் பதில் சொன்னார்.

“தைரியம் சொல்லணும்னு பேசல. பயத்துல பேசினேன். வாய மூடினா அழுதுருவேன்னு தோணுச்சு. படகு ஓட்டுறவன் அழுதா பாக்குறவங்களுக்கு நல்லாவா இருக்கும்?” கொஞ்சம் கிண்டினார். “மாடு திரும்ப வந்துடுச்சு.”

யாரும் சிரிக்கவில்லை. அடேல் மட்டும் ஏதோ சொன்னாள். இவர் ஏன் கேக்கிலிருந்தும் ஆசீரிலிருந்தும் ஓடினார் என்பது எமிலுக்கு அப்போதுதான் விளங்கியது. நன்றி பிடிக்காமல் ஓடவில்லை. அந்த நன்றியின் எதிரே உலர்ந்த கண்ணோடு நிற்க முடியாமல் ஓடியிருக்கிறார். தாளம் தவறவிடக்கூடாத இடம் இது என்று பேண்டு வாத்தியக்காரனுக்குத் தெரிந்தது.

“அன்னிக்கி நீங்க வரலேன்னா இவங்க ரெண்டு பேரும் எனக்கு இல்ல. அதான் நன்றி, வேற ஒண்ணுமில்ல” என்றான். “ஈஸ்டர் அன்னிக்கி ஞானஸ்நானம். நீங்கதான் அடேலுக்குப் பரேனா நிக்கணும்.”

கரண்டி நின்றது.

ஓவீட்டின் கரண்டி நடு ரூவில் நின்று எமிலோ கிளெலியோ பார்த்ததில்லை. ஊரில் யாரும் பார்த்ததில்லை. மறுபடி அது சுற்றத் தொடங்கியபோது வாசம் மாறியிருந்தது. மூன்று பேரும் எட்டிப் பார்த்தார்கள். செம்பழுப்பின் நடுவே கறுப்புப் புள்ளிகள், மிளகு தூவியதுபோல.

“பொகை கண்ணுல பட்டுருச்சு” என்றார் ஓவீட். புகை அதற்குப் பிறகுதான் வந்தது.

அவர் அடுப்பை அணைத்தார். துணியைச் சுற்றிச் சட்டியைத் தூக்கினார். கிளெலி பதறி எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். எரிந்த ரூவோடு வருகிறவருக்கு வழிவிடாமல் இருக்க அவள் வளர்ந்த விதம் இடம் கொடுக்கவில்லை. கதவு திறந்தது, ஓவீட் வெளியே போய்விட்டார்.

“போச்சு” என்றான் எமில்.

“சட்டிய எடுத்துட்டுப் போறாரு” என்றாள் கிளெலி. “எங்கம்மா குடுத்த சட்டி.”

சன்னல் வழியே பார்த்தார்கள். ஓவீட் வேலியோரம் போய் ரூவைக் கொட்டினார். பிறகு அங்கேயே நின்றார். அவருடைய வீடு வேலிக்கு அந்தப் பக்கம், தாண்டினால் முற்றம். முதுகு மட்டும்தான் தெரிந்தது. தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றி முகத்தைத் துடைத்தார். அவருடைய நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவரைப் பார்க்காமல் வயலைப் பார்த்தது. எமிலின் மனதுக்குள், ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் டட்லி படிவத்தோடு நின்றுகொண்டிருந்தான்.

“கூப்பிடவா?”

“வாய மூடு” என்றாள் கிளெலி, மெதுவாக.

ஓவீட் திரும்பினார். வெளிக்குழாயில் சட்டியைச் சுரண்டிக் கழுவினார். உள்ளே வந்தார். கதவைச் சாத்தவில்லை, நாற்காலி எங்கே இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. சட்டியை அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவிட்டார்.

“எண்ணெய் எங்க, வாத்தியாரே?”

எமில் எடுத்துக்கொடுத்தான்.

“மாவு?”

கொடுத்தான். ஓவீட் இரண்டையும் கண் மதிப்பில் போட்டு, தீயை முன்னைவிடக் குறைத்துவைத்தார். இவ்வளவு சின்னத் தீயில் சாக்லேட் நிறம் வர ஒரு பிற்பகலே ஆகும். எமிலுக்கே அது தெரிந்தது.

“பரேனுக்கு டை கட்டணுமா?” என்று சட்டியைக் கேட்டார்.

“கட்டணும்” என்றாள் கிளெலி.

“அதான் கஷ்டம். சரி.” இடது கையைப் பின்னால் நீட்டினார், விரல்கள் விரிந்தபடி. கிளெலி குழந்தையைக் கிட்டே கொண்டுவந்ததும், அடேல் ஒரு விரலைப் பற்றிக்கொண்டாள். வலது கை வட்டத்தை விடவில்லை.

“நீ சொன்னதுல நடுவுல எனக்குக் கொஞ்சம் விட்டுப்போச்சு” என்றார் ஓவீட். “முதல் வரப்புலேர்ந்து சொல்லு. மெதுவாச் சொல்லு.”

எமில் நாற்காலியை அடுப்புப் பக்கம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, முதல் வரப்பிலிருந்து ஆரம்பித்தான்.