அக்காவை ஊர் சுற்றக் கூட்டிப் போனார்கள்

தெருவில் அவளுக்கு ‘கர்ட்டன் அக்கா’ என்றுதான் பெயர். முன்னறை ஜன்னலோரம் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஹோட்டல்களுக்கும் விடுதிகளுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுப்பாள். மலைமேல் இருக்கிற எத்தனையோ விடுதிகளின் ஜன்னல்களில் அவள் தைத்த துணி தொங்கியது. அந்த ஜன்னல்களுக்கு வெளியே என்ன இருக்கிறதென்று அவள் பார்த்ததில்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவை விட்டுவிட்டு எங்கே போவது?

அம்மா கண்ணை மூடிய பிறகு வந்த கோடை விடுமுறையில் தம்பி போன் செய்தான்.

“அக்கா, நாங்க மலைக்குப் போறோம். நீயும் வா. எத்தனை நாளைக்கு அந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்ப?”

“விளையாடாதடா.”

“நிஜமாத்தான்க்கா சொல்றேன்.”

அன்றைக்கே ஒரு ஸ்வெட்டர் வாங்கினாள். துணிக்கடைக்காரரிடம், அவர் கேட்காமலே, “தம்பி குடும்பத்தோட டூர் போறேன். கொஞ்ச நாளைக்கு என் தலையைப் பாக்க முடியாது” என்று பெருமையடித்துக்கொண்டாள்.

மலைப்பாதையின் வளைவுகள் தொடங்கியதும் தம்பியின் மகன் அவள் மடியிலேயே வாந்தி எடுத்தான். “அத்தை, உன் புது ஸ்வெட்டருக்குத் திறப்பு விழா முடிஞ்சுது” என்றாள் மகள். வேனே சிரித்தது. அவளும்தான்.

விடுதி அறைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடினார்கள். அவள் திரைச்சீலையின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்து, “கால்ல தைச்சானா, கையில தைச்சானா?” என்று முகம் சுளித்தாள். வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஒரே பனிமூட்டம்.

மறுநாள் பையனுக்குக் காய்ச்சல் கொதித்தது. “நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்” என்று அவளேதான் சொன்னாள்.

தம்பி மனைவி தயங்கினாள். “நீங்களும் ஆசையா வந்தீங்களே அண்ணி.”

“போம்மா. அருவி எங்க ஓடிடப் போகுது?”

“ஓடிக்கிட்டேதானே அத்தை இருக்கு!” என்றாள் மகள்.

அன்றும் அடுத்த நாளும் அவள் ஈரத்துணியை மாற்றி மாற்றிப் போட்டபடி கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். பையன் தூக்கத்திலும் அவள் விரலை விடவில்லை. அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

கடைசி நாள் காய்ச்சலும் விட்டது, பனியும் விலகியது. மலை உச்சியில் எல்லோரும் வேடிக்கை பார்க்கிற இடத்துக்குப் போனார்கள். கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு அவள் குனிந்து பார்த்தாள். கீழே காடு, அதற்கும் கீழே ஒரு வெள்ளிக் கோடாக ஆறு. மேகம் அவள் காலுக்குக் கீழே நகர்ந்தது.

“அம்மாவைத் தூக்கிக்கிட்டாவது வந்திருக்கணும்டா” என்றாள் தம்பியிடம்.

தம்பி பிள்ளைகளை ஐஸ்கிரீம் வாங்க மனைவியோடு அனுப்பினான். தடுப்பில் சாய்ந்தான். அவளைப் பார்க்காமலே பேசினான்.

“அக்கா, வீட்டுக்கு ஆள் வந்திருக்கு. விலை பேசி முடிச்சாச்சு. நீ கையெழுத்துப் போட்டா போதும்.”

“எந்த வீட்டுக்கு?”

“அம்மா வீட்டுக்குத்தான்.”

“நான் அங்க இருக்கேனேடா.”

“எங்ககூட வந்துடு. பசங்களுக்கும் துணையா இருக்கும்.”

“மெஷினு?”

“எங்க வீட்ல ஏதுக்கா இடம்? இனிமே நீ ஏன் கஷ்டப்படணும்?”

“இதை வீட்லயே சொல்லியிருக்கலாமே.”

“அங்க சொன்னா அம்மா கட்டிலைப் பாத்துப் பாத்து அழுவ. அதான் வெளிய எங்கயாவது கூட்டிட்டு வந்து, நீ சந்தோஷமா இருக்கும்போது சொல்லலாம்னு…” அவன் குரல் உடைந்தது. கெட்டவன் இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. கத்தவும் வழியில்லாமல் போயிற்று.

பக்கத்தில் நின்ற ஒருவர் கைப்பேசியை நீட்டினார். “குடும்பமா ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?” அவள் வாங்கிக்கொண்டாள். “கொஞ்சம் சிரிங்க” என்றாள் அவர்களிடம். திரையில் அவர்களுக்குப் பின்னால் மலை இருந்தது. அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டாள். மெஷினைத் துணிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டார். இப்போது பிள்ளைகளின் அறையில் பாய் விரித்துப் படுக்கிறாள். சாயங்காலம் செய்ய ஒன்றும் இருப்பதில்லை. விரல்கள் மட்டும் சேலை ஓரத்தை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்கும்.

அடுத்த விடுமுறைக்குக் கடற்கரை என்று முடிவானது. பிள்ளைகள் அவளையும் கூப்பிட்டார்கள். வண்டி தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை.