எதிர்க்கடை வறுவல்

மணிகண்டராஜ் அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததுமே இசைவாணிக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. அவனுக்கு அவளைத் தெரியவில்லை.

விருதுநகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் உணவு ஆலோசகராக இருந்தாள். சர்க்கரைக்காரர்களுக்கும் பிரஷர்காரர்களுக்கும் எதைச் சாப்பிடலாம், எதைத் தொடக் கூடாது என்று சொல்வது அவள் வேலை. மணிகண்டராஜ் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி முதலாளி நல்லசிவத்தின் மகன். பட்டாசு பிடிக்காமல் தனியாக ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று விருதுநகரில் ஏ.சி. போட்ட சைனீஸ் ரெஸ்டாரண்ட் ஒன்றைத் திறக்கவிருந்தான். 2007 சித்திரை மாதம் அது.

"மேடம், உங்ககிட்ட ஒரு சின்ன உதவி" என்றான். "எங்க கடைக்கு நேர் எதிர்க்க ஒரு மாட்டுக்கறி வறுவல் கடை இருக்கு. இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல் பசங்க சாயங்காலமானா அங்கனதான் நிக்கிறானுக. காலேஜ் செக்ரட்டரி ஜெயச்சந்திரன் சாருக்கு அது பிடிக்கல. ஹாஸ்டல் ராத்திரிச் சாப்பாட்டை எங்ககிட்ட விடலாம்னு நெனைக்கிறார். திறப்பு விழாவுல நீங்க நாலு வார்த்தை பேசணும். எங்க ஐட்டத்தையும் அந்தக் கறியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, சத்து எதுல இருக்குன்னு ஒப்பிட்டுச் சொன்னாப் போதும்."

"ஒப்பிட்டா எது வருதோ அதைத்தான் சொல்லுவேன்."

"சொல்லுங்க மேடம். அந்தக் கறி சாப்பிட்டா உடம்புக்கு என்ன வரும்னு உங்களுக்குத் தெரியாததா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு மாறவே இல்லை.

சிவகாசியில் இருவரும் பன்னிரண்டாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவன் அவளுடைய டிபன் பாக்ஸைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமை வறுத்த மாட்டுக்கறியில் மிஞ்சியதை அம்மா மாரித்தாய் சோற்றின் மேல் வைத்துக் கொடுத்திருந்தாள். அவன் டப்பாவைத் தூக்கிப் பிடித்து வகுப்பு முழுக்கக் காட்டினான். பொழுது சாய்வதற்குள் தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் அனுப்பி, அங்கே வேலை பார்த்த மாரித்தாயைக் கூட்டி வந்தார்கள். கையெல்லாம் அலுமினியப் பவுடர் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்க, கம்பெனிச் சேலையோடு அப்படியே வந்து நின்றாள். பெஞ்சுகளைக் கழுவிவிட்டுப் போகச் சொன்னார் தலைமையாசிரியர். அவள் வாளியில் தண்ணீர் எடுத்து வந்து கழுவினாள். வராந்தாவில் நின்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் முடித்துவிட்டு நிமிர்ந்தபோது மணிகண்டராஜ் சொன்னான்:

"அந்த மூலையில இன்னும் நாறுது."

மாரித்தாய் மறுபடி குனிந்து அந்த மூலையைக் கழுவினாள். அதன்பின் வருஷம் முடியும்வரை அவன் இசைவாணியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. 'ஏ கறி' என்றுதான் கூப்பிடுவான். அதனால்தான் இப்போது கதவில் எழுதியிருந்த பெயர் அவனுக்கு ஒன்றையும் ஞாபகப்படுத்தவில்லை.

"வர்றேன்" என்றாள் இசைவாணி. "ஆனா நீங்க சமைக்கிறதை நான் கிட்ட இருந்து பார்க்கணும்."

அவன் பெருமையோடு கடைச் சமையலறைக்குக் கூட்டிப் போனான். சமையல்காரன் நேபாளத்துக்காரன், வேகமான கை. சோளமாவிலும் மைதாவிலும் புரட்டிய கோழித் துண்டுகள் வாணலி எண்ணெயில் மிதந்தன. எடுத்த துண்டுகளை இன்னொரு கடாயில் சோயா சாஸ், அஜினோமோட்டோ, சிவப்பு கலர் எல்லாம் போட்டுப் பிரட்டினான். ஃப்ரைடு ரைசுக்குத் தனியாக எண்ணெய், தனியாக உப்பு, அதற்கு மேலும் சாஸ்.

"எண்ணெயை எப்ப மாத்துவீங்க?"

"நல்லா கறுத்துருச்சுன்னா மாத்திருவோம் மேடம்" என்றான் மணிகண்டராஜ்.

சேர்த்ததையெல்லாம் அவள் நிறுத்துக் குறித்துக்கொண்டாள். ரோட்டைத் தாண்டி எதிர்க்கடைக்குப் போனாள். கடைக்காரர் வேலுச்சாமி பெரிய கல்லில் கறியை வாட்டிக்கொண்டிருந்தார். கொழுப்பை நறுக்கி ஒதுக்கி, சின்ன வெங்காயமும் மிளகும் கறிவேப்பிலையும் போட்டு, கரண்டியில் கொஞ்சமாக எண்ணெய் விட்டார். அந்தக் கரண்டியை வாங்கி அவள் அளந்து பார்த்தாள்.

"எதுக்கும்மா கரண்டியை அளக்குறீக?" என்று கேட்டார் அவர். "கூடுதலா ஊத்திட்டேனா?"

"இல்லண்ணே. கம்மியா இருக்குன்னு ஒருத்தருக்குச் சொல்லணும்."

சனிக்கிழமை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது அவளுக்கு ஒரு ஆசை வந்தது. சைனீஸ் பக்கம் எண்களை இன்னும் கொஞ்சம் ஏற்றிப் போட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? அவனை எழுந்திருக்கவே முடியாமல் பண்ணிவிடலாம். பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். பொய் என்று யாராவது ஒருத்தர் கண்டுபிடித்துவிட்டால் அவன் தப்பித்துக்கொள்வான். தப்பிக்க விடக் கூடாது. உள்ளது உள்ளபடி இருக்கட்டும், அதுவே போதும்.

திறப்பு விழா ஞாயிறு காலையில். வியாபாரிகள் குடும்பத்தோடு வந்து சிவப்பு விரிப்புப் போட்ட மேசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். முன் மேசையில் ஜெயச்சந்திரன், பக்கத்தில் வார்டன். மணிகண்டராஜே மைக்கைப் பிடித்து, "நாம எதைச் சாப்பிடணும், எதை ஒதுக்கணும்னு மேடம் சொல்லுவாங்க" என்று அவள் கையில் கொடுத்தான்.

அவள் குரலை உயர்த்தவில்லை. நோயாளியிடம் பேசுகிற மாதிரியே பேசினாள்.

"இந்தக் கடையோட சில்லி சிக்கன் ஒரு தட்டு, ஃப்ரைடு ரைஸ் ஒரு தட்டு. எதிர்க்கடை மாட்டு வறுவல் ஒரு தட்டு, அதோட இந்த ரைஸ் அளவுக்கே சோறு. ரெண்டையும் நான் நிறுத்துப் பார்த்தேன். முதல்ல உப்பு. ஒரு ஆளு ஒரு நாள் முழுக்கச் சாப்பிட வேண்டிய உப்பு இந்தச் சாப்பாட்டுல ஒரே வேளையில இருக்கு. சாஸ்ல இருக்கிற உப்பு நாக்குக்கு அம்புட்டாத் தெரியாது, ரத்தத்துக்குத் தெரியும். அந்த வறுவல்ல அதுல பாதிகூட இல்ல."

மணிகண்டராஜ் சிரித்தபடியே நின்றான். வாய் மட்டும்தான் சிரித்தது.

"அடுத்தது எண்ணெய். கோழி நல்ல கறிதான். ஆனா இதுல நாம மெல்லுறதுல பெரும் பங்கு மாவும் எண்ணெயும். கொழுப்பு நீக்கி வாட்டின மாட்டுக்கறியில புரதம் கூடுதல். இரும்புச் சத்து கோழியைவிட ரெண்டு பங்குக்கு மேல. நம்ம பக்கத்துப் பொம்பளைகள்ல பாதிப் பேருக்கு ரத்தம் இல்ல, அவங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிற மாத்திரையில இருக்கிற சத்து இந்தக் கறியில இருக்கு. இங்க நல்லதே இல்லைன்னு சொல்ல மாட்டேன். காய்கறி சூப் நல்லா இருக்கு, சாஸைக் குறைச்சா யாரும் குடிக்கலாம்."

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். ஜெயச்சந்திரன் முன்னால் சாய்ந்தார்.

"அப்ப எங்க பசங்க சுவரேறிக் குதிச்சுப் போயிச் சாப்பிடுறானுகளே, அது இதைவிட நல்லதுங்கிறீங்களா?"

"தட்டுக்குத் தட்டு வச்சுப் பார்த்தா ஆமா சார். அதையும் தினம் சாப்பிடச் சொல்ல மாட்டேன், வாரத்துல ஒரு நாள் ரெண்டு நாள் போதும். ஆனா இதைத் தினமும் ராத்திரி ஹாஸ்டல்ல போட்டா, படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதிப் பேரு என் ரூம் வாசல்ல வந்து நிப்பாங்க."

மணிகண்டராஜ் மைக்குக்குக் கை நீட்டினான். "மேடம் சொல்றது படிப்பு சம்பந்தப்பட்டது சார். ஆனா அதெல்லாம் எந்த மாதிரி ஆளுக சாப்பிடுறதுன்னு இங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும்."

"அந்த மாதிரி ஆளுதான் நானும்" என்றாள் இசைவாணி. மைக்கை அவனிடம் கொடுத்துவிட்டு இறங்கினாள்.

ஜெயச்சந்திரன் சூப்பை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினார். மற்ற தட்டுகள் அவர் மேசையில் அப்படியே ஆறிக் கிடந்ததை அவள் வாசலில் இருந்து பார்த்தாள். பஸ் ஏறித் தாயில்பட்டியில் இருந்த வீட்டுக்குப் போனாள்.

அதே வாரத்தில் மணிகண்டராஜ் அவள் அறைக்கு வந்தான். இந்த முறை நாற்காலியை இழுக்கவில்லை, நின்றபடியே பேசினான்.

"மேனேஜ்மென்ட்ல ஒரு வார்த்தை சொன்னா உங்க வேலை போயிரும், தெரியும்ல?"

"சொல்லுங்க. நான் பேசினதுல எது தப்புன்னும் சேர்த்துச் சொல்லுங்க."

அவன் தானாகவே உட்கார்ந்தான். "செக்ரட்டரி ஃபோனையே எடுக்க மாட்டேங்கிறார் மேடம். அந்த ஹாஸ்டல் ஆர்டரை நம்பித்தான் அப்பாகிட்ட சண்டை போட்டுக் கடையை ஆரம்பிச்சேன். எண்ணெயைக் குறைக்கிறேன், சாஸைக் குறைக்கிறேன். நீங்க வந்து பார்த்துட்டு அவர்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அப்போதுதான் அவள் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பெயர், வகுப்பு, பெஞ்சு, மூலை. அவன் முகம் மெல்ல மாறியது. அவளை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"அது... சின்ன வயசு."

"எங்க அம்மாவுக்கு அன்னைக்குச் சின்ன வயசு இல்ல."

அவள் பல வருஷமாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைச் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை தாயில்பட்டிக்கு வாங்க. எங்க வீட்டுல உக்காந்து, அன்னைக்கு நீங்க தூக்கிக் காட்டின கறியைச் சாப்பிடுங்க. தட்டு காலியாகணும். அதுக்கப்புறம் செக்ரட்டரிகிட்டப் பேசுறேன்."

வரமாட்டான் என்றுதான் நினைத்தாள். வந்தான். காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டுச் சந்துக்குள் நடந்து வந்தான். மாரித்தாயிடம் இசைவாணி, ஒருத்தர் சாப்பிட வருகிறார் என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். விருந்தாளி என்றதும் மாரித்தாய் காலையிலேயே போய் நல்ல கறியாகப் பார்த்து வாங்கி, மிளகு அரைத்து, அடுப்பை விட்டு நகராமல் வறுத்திருந்தாள். தட்டில் சோறும் கறியும் வைத்துக்கொண்டு வந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் நின்றாள்.

"நல்லசிவம் முதலாளி மகன்தான நீங்க?"

"ஆமாம்மா."

"யாரு வரச் சொன்னது?"

"நான்தான்மா" என்றாள் இசைவாணி. எதற்காக என்பதையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் இருந்த வேகம் குறைந்தது. அம்மாவின் கண்ணில் அவள் எதிர்பார்த்த சந்தோஷம் தெரியவில்லை.

மாரித்தாய் தட்டை அவன் முன்னால் வைக்கவில்லை. தன் பக்கமாகக் கீழே வைத்தாள்.

"எந்திரிங்க தம்பி."

"சாப்பிடத் தயாராத்தான்மா வந்திருக்கேன்."

"நீங்க தயாரா வந்தா நான் போடணுமா? கசாயம் குடிக்கிற பிள்ளை மாதிரி மூக்கைச் சுருக்கிட்டு உக்காந்திருக்கீக. இது ஆசையா வறுத்த கறி. இதைத் தின்னக் குடுத்து வச்சிருக்கணும்."

அவன் எழுந்தான். கைகளைச் சேர்த்துக்கொண்டு, "அன்னைக்குப் பேசினது தப்புத்தாம்மா. மன்னிச்சிருங்க" என்றான்.

"அதுக்கா வந்தீக? காலேஜ்காரருக்குச் சொல்லச் சொல்லி வந்தீக." மாரித்தாய் அவனை நேராகப் பார்த்தாள். "அது கிடைக்காட்டா என்ன ஆகும்?"

"கடையை நடத்துறது கஷ்டம்மா."

"கஷ்டமாவே இருக்கட்டும்."

அவள் உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கினாள். எலும்பைக் கடித்து, விரல்களை நக்கி, நிதானமாகச் சாப்பிட்டாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். அவள் அவனைப் போகச் சொல்லவும் இல்லை, இருக்கச் சொல்லவும் இல்லை. அவனாகவே செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போனான். சந்தில் நின்றவர்கள் அவன் கார் வரைக்கும் நடந்து போவதைப் பார்த்தார்கள்.

"ஏ வாணி" என்றாள் மாரித்தாய், தலையை நிமிர்த்தாமல். "அவனுக்குத் தண்டனை குடுக்க ஒனக்கு வேற எதுவும் கிடைக்கலையா? என் கறிதான் கிடைச்சுதா?"

இசைவாணிக்கு முகம் எரிந்தது. அவன் டப்பாவைத் தூக்கிக் காட்டியபோதுகூட இப்படி எரியவில்லை. "அவன் அதைத் தின்னு பார்க்கணும்னு நெனைச்சேன்மா."

"அவன் திங்கிற அளவுக்கு அது மட்டமில்ல. நீ உக்காரு."

மறுநாள் ஜெயச்சந்திரன் அவளை ஃபோனில் கூப்பிட்டார். அந்தப் பையன் எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாகச் சொல்கிறான், நம்பலாமா என்று கேட்டார். போய்ப் பார்க்க அரை மணி நேரம் ஆகியிருக்காது. மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறான் என்று சொல்லியிருக்கலாம்.

"எனக்குத் தெரியாது சார். நான் பார்க்கல" என்றாள். "பார்க்கப் போறதாவும் இல்ல."

ஹாஸ்டல் சாப்பாடு மதுரைக்காரர் ஒருவருக்குப் போனது. அடுத்த தீபாவளி சீசனுக்கு முன்பே அந்த ஏ.சி. ஹாலில் செல்போன் கடை வந்துவிட்டது. மணிகண்டராஜ் அப்பாவின் கம்பெனியில் கணக்கு எழுத உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். இசைவாணிக்கு வருத்தம் வரவில்லை. வரும் என்று கொஞ்ச நாள் எதிர்பார்த்தாள், பிறகு எதிர்பார்ப்பதையும் விட்டுவிட்டாள்.