குண்டனின் குரல்

ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான நட்பு மலையைப் போன்றது. இடி விழுந்தாலும் அசையாது. டிரைவிங் ஸ்கூல் வாத்தியாரின் மலை, சோபாவில் ஒரு ஆள் கூடுதலாக உட்கார்ந்ததும் ஆடிவிட்டது.

வாத்தியாரும் அவருடைய சிநேகிதர் லிஃப்ட் மெக்கானிக்கும் வருடத்துக்கு ஒருமுறை ஒரே படத்தைப் பார்ப்பார்கள். நாற்பது தாண்டிய ஒரு குண்டனும் ஒரு ஒல்லியும் பழைய ஃப்ரிட்ஜை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக அலையும் காமெடி. கடைசியில் ஒல்லி ஆஸ்பத்திரியில் கிடப்பான். குண்டன் அவன் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவான். அந்த இடம் வந்ததும் மெக்கானிக் டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவார். வசனத்தை இவர்களே பேச வேண்டும். குண்டனுக்கு வாத்தியார், ஒல்லிக்கு மெக்கானிக். இதை மாற்றுவது சட்டத் திருத்தம் மாதிரி. வாத்தியாரைக் கேட்காமல் நடக்காது.

இந்த முறை மெக்கானிக், தன்னோடு பேட்மிண்டன் ஆடுகிற பல் டாக்டரையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். டாக்டர் நேராகப் போய் சோபாவின் வலது மூலையில் உட்கார்ந்தார். அது வாத்தியாரின் இடம் என்று மெக்கானிக் வாயைத் திறந்து சொல்லவில்லை.

“நீங்கதான் வாத்தியாரா? உங்களப் பத்தி இவரு நிறைய சொல்லியிருக்காரு” என்றார் டாக்டர்.

அதுவும் வாத்தியாருக்குப் பிடிக்கவில்லை. எந்த பேட்மிண்டன் நெட்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்லியிருப்பான்?

படம் ஓடியது. டாக்டர் சரியான இடங்களில் சிரித்தார். தப்பான இடத்தில் சிரித்திருந்தால் மன்னித்திருக்கலாம். ஒவ்வொரு சிரிப்புக்கும் வாத்தியாரின் கால் தரையை அழுத்தியது. பயிற்சிக் காரில் தன் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வந்த பழக்கம். சோபாவுக்கு பிரேக் கிடையாது.

ஆஸ்பத்திரிக் காட்சி வந்தது. சத்தம் அடங்கியது. வாத்தியார் தொண்டையைச் செருமினார். கொஞ்சம் நீளமாகவே செருமிவிட்டார். அதற்குள் டாக்டர் முந்திக்கொண்டார்.

“டேய், நீ போயிட்டா அந்த ஃப்ரிட்ஜ எவன்டா தூக்குவான்?”

இழுவை, மூக்கடைப்பு, அழுகை எல்லாம் அச்சு அசல் குண்டன். மெக்கானிக் தலையணையைக் கட்டிக்கொண்டு உருண்டார். “யோவ் டாக்டரே! இத்தன நாளா இத எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீரு!”

“நடுவுல ‘மடையா’ன்னு ஒண்ணு வரும். அத விட்டுட்டாரு” என்றார் வாத்தியார்.

“விடுடா. படம்தான பாக்கறோம், பரீட்சையா எழுதறோம்?”

படம் முடிந்ததும் மெக்கானிக் சொன்னார்: “திங்கக்கிழமை எனக்குக் கண்ணுல ஆபரேஷன். புரைதான். கூட ஒரு ஆள் வரணுமாம். டாக்டர் வரேன்னாரு.”

“ஏன், நான் செத்தா போயிட்டேன்?”

“அதில்லடா, உனக்கு கிளாஸ் இருக்கும்...”

“இருபது வருஷமா பழகினவன் நான். ஆஸ்பத்திரில உன் கையப் பிடிச்சுக்க நேத்து வந்த ஆளா?”

“கண்ணுலதான்டா ஆபரேஷன். கைய எதுக்குப் பிடிக்கணும்?”

டாக்டர் உடனே விட்டுக்கொடுத்தார். “நீங்களே போங்க சார். நீங்கதான் போகணும்.” அந்தப் பெருந்தன்மை வாத்தியாருக்குப் பல்வலி மாதிரி இருந்தது.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்ததுமே கேட்டாள்: “அந்த பேட்மிண்டன் சக்களத்தி எப்படி இருக்கா?”

“எப்பப் பாத்தாலும் பல்லக் காட்டிட்டிருக்கான்.”

“பல் டாக்டர் வேற எதக் காட்டுவாரு?”

“திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நான்தான் போறேன். தெரிஞ்சுக்கோ.”

“நீங்களா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை வாத்தியார் இஸ்திரி போட்ட சட்டையில், பயிற்சிக் காரிலேயே சிநேகிதரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். வராந்தாவில் யாரும் கேட்காமலே, “பேஷன்ட்டுக்குக் கூட வந்திருக்கிறது நான்தான்” என்று இரண்டு பேரிடம் சொன்னார். நர்ஸ் வந்து, மருந்து ஏற்ற மெக்கானிக்கின் புறங்கையில் ஊசியைச் செருகினாள். வாத்தியார் அவருடைய மறுகையை இறுகப் பிடித்துக்கொண்டார். குழாயில் ஒரு சொட்டு ரத்தம் ஏறியது. வாத்தியார் அதைப் பார்த்தார்.

“ஐயையோ, சார்! சார்!” என்றாள் நர்ஸ். கட்டிலின் இரும்புக் காலில் ‘ணங்’கென்று ஒரு சத்தம் கேட்டது.

“இவரக் கூட்டிட்டுப் போக யாராவது இருக்காங்களா?” என்று பேஷன்ட்டிடம் கேட்டார்கள். பேஷன்ட் ஒரு நம்பர் சொன்னார்.

சாயங்காலம் இருவரையும் பல் டாக்டர்தான் அந்த எல் போர்டு காரில் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். கண்ணில் கட்டோடு மெக்கானிக் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் மூன்று தையலோடு வாத்தியார் பின்சீட்டில் படுத்திருந்தார்.