இரண்டடிக் குழி

மூன்று மணிக்கே காத்தமுத்து கத்தியோடு நின்றுவிட்டார். இளநீர் நாற்பது சீவ வேண்டும். எலுமிச்சை இரண்டு கூடை நறுக்க வேண்டும். அந்தமானின் ஹேவ்லாக் தீவில் சூரியனுக்கும் அரசாங்க உத்தியோகம்தான். டிசம்பரில் ஐந்து மணி அடித்தால் ஃபைலை மூடிவிட்டுக் கிளம்பிவிடும். மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் ஆறு மணிக்கு வந்து, இருட்டைப் பார்த்துச் சண்டை பிடிப்பார்கள். "இன்னிக்கு அதுக்கு ஒடம்பு சரியில்ல சாப், சீக்கிரமே போயிருச்சு" என்று காத்தமுத்து முகம் மாறாமல் சொல்லி, இளநீரும் ரம்மும் கலந்த கிளாஸை நீட்டுவார்.

பழைய டோங்கிப் படகு ஒன்றைக் கவிழ்த்துப் பலகை அடித்ததுதான் ரிசார்ட்டின் பார் கவுண்டர். அது கடலோரத்தில் இருந்தது. விருந்தாளிகள் கடலைப் பார்த்து உட்காருவார்கள். வேலையாட்கள் விருந்தாளிகளைப் பார்த்து நிற்பார்கள். ஆறு வருஷமாகச் சூரியன் விழுவதைக் காத்தமுத்து மற்றவர்களுடைய கறுப்புக் கண்ணாடியில்தான் பார்த்திருந்தார். கூடவே ஒரு சட்டமும் இருந்தது. சூரியன் தண்ணீரைத் தொட்டதும் சீருடைக்காரர்கள் கவுண்டருக்குப் பின்னால் குந்திவிட வேண்டும். யாருடைய போட்டோவிலும் விழக்கூடாது. கால் மணி நேரம்.

சரக்குக் கலக்கும் குணா குந்துவான். கிளாஸ் கழுவும் சொர்ணம்மா, காத்தமுத்துவின் மனைவி, அவளும் குந்துவாள். காத்தமுத்துவின் வலது முட்டி மட்டும் போன மழைக்காலத்தோடு மடங்க மறுத்துவிட்டது. நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் இருபது வருஷம் ரப்பர் பால் வெட்டிய முட்டி. கேட்கிற விருந்தாளிகளிடம் முதலை கடித்தது என்பார். "பல்லு ஒடைஞ்சிருச்சு. பாவம், அழுதுக்கிட்டே போச்சு."

வெள்ளிக்கிழமை ஒருவன் மணலில் மண்டியிட்டு ஒரு பெண்ணுக்கு மோதிரம் போட்டான். படத்தில் அவன், அவள், சூரியன், நடுவில் கத்தியோடு காத்தமுத்து.

மேனேஜர் தேவேந்திரன் ஃபோனை நீட்டினார். சென்னைக்காரர்; குரலை உயர்த்தமாட்டார்.

"பாருங்க. ஹெட் ஆபீஸ் வரைக்கும் போயிருச்சு. இன்னொரு தடவ உங்க தல தெரிஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாது. ரூமையும் காலி பண்ணணும்."

காத்தமுத்து படத்தை உற்றுப் பார்த்தார். "மாப்பிள்ளையவிட நல்லாத்தானே சாப் விழுந்திருக்கேன்."

தேவேந்திரன் சிரிக்கவில்லை. சமையலறைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட அந்த ஒற்றை அறையைத் தவிர அவர்களுக்கு வேறு வீடு கிடையாது.

மறுநாள் மத்தியானம், கடற்கரை ஓய்ந்திருந்த நேரத்தில் குணா மண்வெட்டியோடு வந்தான். காத்தமுத்து நிற்கும் இடத்தில் சொர்ணம்மா காலால் ஒரு வட்டம் போட்டிருந்தாள்.

"என்னடா இது?"

"குந்தத்தானே முடியல மாமா? நின்னுக்கங்க. கொஞ்சம் கீழ நின்னுக்கங்க."

காத்தமுத்து மனைவியைப் பார்த்தார். "உசுரோட பொதைக்கப் போறியா?"

"ரெண்டடிதான். அந்த வாயப் பொதைக்கணும்னா இருபதடி தோண்டணும்."

இரண்டடியில் உப்புத்தண்ணீர் ஊறியது. பீர் கிரேட் ஒன்றைப் படியாகப் போட்டு, குழியைப் பலகையால் மூடினார்கள். சாயங்காலம் குணா "பைட்டோ!" என்று எல்லாரையும் உட்காரச் சொல்லிக் குரல் கொடுத்தான். சொர்ணம்மா பலகையை இழுத்தாள். கையைப் பிடித்து அவரை இறக்கிவிட்டுக் குந்தினாள். கவுண்டர் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே அவர் தலை நின்றது.

"எப்படி இருக்கு?"

"ஜில்லுனு இருக்கு. நீயும் வா, ஹனிமூன்."

"ச்சீ" என்று கிளாஸ் துடைக்கும் ஈரத்துணியை அவர் தலையில் போட்டாள்.

நான்காம் நாள் அந்த நேரம் பார்த்து தேவேந்திரன் கவுண்டருக்குப் பின்னால் வந்துவிட்டார். குழியைப் பார்த்தார். அதில் நிற்கிறவரைப் பார்த்தார். சொர்ணம்மா பதறி எழுந்தாள்.

"சாப், நான்தான் தோண்டச் சொன்னேன். அவர் மேல தப்பில்ல..."

அவளைக் குந்தச் சொல்லிக் கை காட்டிவிட்டு, தேவேந்திரன் முன்பக்கம் போய் ஒரு படம் எடுத்தார். திரும்பி வரும்போது முகம் மலர்ந்திருந்தது.

"பிரமாதம்ணே! ஏன் மொதல்லயே சொல்லல?"

அண்ணே என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே கொத்தனார் வந்தார். மூன்று பேருக்கும் மூன்று குழி, ஆளுக்கு மூன்றடி ஆழம், சிமெண்ட் பூச்சு. இனி நாலு மணிக்கே இறங்கிவிட வேண்டும். சூரியன் விழும்போதும் சரக்கு நிற்காது. காத்தமுத்துவின் அறை காத்தமுத்துவிடமே இருந்தது.

"ஒங்க முட்டி வியாதி எல்லாருக்கும் ஒட்டிக்கிச்சு மாமா" என்றான் குணா, பக்கத்துக் குழியிலிருந்து.

"முதலைக் கடிடா. தொத்து நோய்."

சொர்ணம்மாவின் குழியிலிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. முன்வரிசைப் பெண் ஒருத்தி ஃபோனோடு எழுந்து வந்து, ஆளில்லாத கவுண்டரைப் பார்த்து, "பையா, ஏக் அவுர்" என்று இன்னொரு கிளாஸ் கேட்டாள்.

"அபி ஆயா, மேம்சாப்" என்றது மண்ணுக்குள்ளிருந்து ஒரு குரல்.

ஒரு கை மேலே வந்தது. விரல்களில் எலுமிச்சைத் தோல் ஒட்டியிருந்தது. கிளாஸைத் தடவித் தடவிப் பலகையின் விளிம்பில், சூரியனுக்கு நேராக வைத்தது.

அவள் ஃபோனை உயர்த்தினாள். அந்தக் கை முழுவதும் உள்ளே போகும்வரை காத்திருந்து, படம் எடுத்தாள்.