உள்ளே ஒருவர் தூங்குகிறார்

1.
இந்தக் கதை ஓர் ஒட்டுத்தாளிலிருந்து கிளம்பியது. என் மகளுடைய பள்ளியில், உயிரியல் அறை ஃப்ரிட்ஜின் மேல், குழந்தைக் கையெழுத்தில் இருந்தது: "பிளக்கைப் பிடுங்காதீர்கள். உள்ளே ஒருவர் தூங்குகிறார்." மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

முதல் தொடக்கம்: "வடக்கு ஜெர்மனியின் அந்தச் சிற்றூரில் பனி..." வேண்டாம். பனியில் ஆரம்பித்தால் கதை நகராது.

2.
லெவ்கேவுக்குப் பதினோரு வயது. பள்ளியில் மின்சாரத்தை மிச்சம்பிடிக்கும் மாணவர் குழுவில் அவள்தான் ரொம்பக் கெடுபிடி. ஹீட்டர் ஓடும்போது ஜன்னல் அரைகுறையாகச் சாய்ந்து திறந்திருந்தால், சூடு வீணாகிறதென்று சண்டைக்குப் போவாள்; ஆசிரியரென்றும் பார்க்கமாட்டாள். "அஞ்சு நிமிஷம் முழுசா திறங்க, அப்புறம் மூடிடுங்க."

(இவ்வளவு கறாரான பிள்ளையை எனக்கே பிடிக்கவில்லை. எழுத எழுதப் பிடித்துப்போனது.)

வெள்ளிக்கிழமை மதியம், சனி ஞாயிறுக்காக அறை அறையாக ஹீட்டரைக் குறைத்துக்கொண்டே வந்தாள். உயிரியல் அறையில் பழைய ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது; அதன்மேல் அப்போது ஒட்டுத்தாள் எதுவும் இல்லை. திறந்தால், சருகு நிரப்பிய ஒரு பெட்டி.

"சருகுக்கு எதுக்குடா கரண்ட்டு?" என்றாள், கூட வந்த தாம்மோவிடம்.

"டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"நீ கேட்டுக்கிட்டே நில்லு."

பிடுங்கிவிட்டாள்.

3.
திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வந்த அஸ்முசன் டீச்சர் பிடுங்கிக் கிடந்த பிளக்கைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சருகுக்கடியில் இருந்தது அவருடைய ஆமை ஹில்டெ. எங்கள் பக்கம் ஆமை வளர்க்கிறவர்கள் குளிர்காலம் முழுக்க அதை ஃப்ரிட்ஜில்தான் தூங்கவைப்பார்கள்; நடுவில் சூடேறி விழித்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

(முதல் பிரதியில் ஹில்டெயைக் கொன்றிருந்தேன், லெவ்கேவுக்குப் புத்தி வரட்டுமென்று. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கிழித்துப்போட்டேன்.)

டீச்சர் சருகை விலக்கினார். ஒரு கால் மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டது. அறையே குளிர்ந்து கிடந்ததால் தூக்கம் முழுசாகக் கலையவில்லை.

"பிளக்கை யார் பிடுங்கினது?" போன வாரம் மைக்ராஸ்கோப்பைப் போட்டு உடைத்தவன் தாம்மோ. டீச்சரின் பார்வை நேராக அவன்மேல் போய் நின்றது. அவன் லெவ்கேவை ஓரக்கண்ணால் பார்த்தான்.

"சரி, ஹீட்டரைக் குறைச்சது யாரு? அந்தப் புண்ணியத்தைப் பண்ணினவங்களாவது சொல்லுங்க. அவங்கதான் இதைக் காப்பாத்தினவங்க."

லெவ்கே கையைத் தூக்கினாள்.

4.
எந்தக் கேள்விக்கு? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் வகுப்பு கைதட்டியது, தாம்மோ தரையைப் பார்த்தான். இன்னொன்றில் யாரும் கைதட்டவில்லை.

அந்த ஒட்டுத்தாளை எழுதியது யாரென்று நான் விசாரிக்கவில்லை. டீச்சர் இன்னும் தாம்மோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். லெவ்கேவின் கை மேலேதான் இருக்கிறது. அடுத்த வரியை நீங்கள் சொல்லுங்கள்.