அண்ணாவின் தாளில் அண்ணியின் சுரங்கள்

அண்ணி எங்கள் இசைக்குழுவில் ஓபோ என்னும் குழல் வாத்தியம் ஊதிக்கொண்டிருந்தார். நுரையீரல் பழுதாகிவிட்டது, இனி ஊதவே கூடாது என்று டாக்டர் சொன்னதை அண்ணா மட்டும் காதில் வாங்கவில்லை.

வாத்தியங்களுக்குத் தனித்தனியாகச் சுரத் தாள் எழுதுவது என் வேலை. ஒருவர் நெடுநேரம் சும்மா இருக்கும் இடத்தில், அடுத்த வாத்தியம் வாசிப்பதைப் பொடிச் சுரங்களாக எழுதிவைப்போம். அதைக் கவனித்துத் தன் முறைக்கு நுழைவார்கள். அந்த வாத்தியக்காரர் வராவிட்டால் இவரே வாசித்தும் விடலாம். அண்ணியின் தனி வாசிப்பை அப்படி அண்ணாவின் கிளாரினெட் தாளில் எழுதச் சொன்னார், குழுவை நடத்தும் மாஸ்டர். கிளாரினெட் தாளில் எழுதியதைவிட ஒரு படி கீழே ஒலிக்கும். ஆகவே ஓபோ சுரத்தை ஒரு படி ஏற்றித்தான் எழுத வேண்டும்.

அண்ணா வந்து என் பென்சிலைப் பிடித்துக்கொண்டார்.

“ஏத்தாதே. அவ தாள்ல இருக்கிற மாதிரியே எழுது.”

“வாசிச்சா தப்பா வருமேண்ணா.”

“யாரு வாசிக்கப் போறா? அவ வந்துடுவா. நான் கேக்கத்தான் போறேன்.”

உள்ளறையில் அண்ணி இருமினார். நான் அப்படியே எழுதிவிட்டேன்.

ஒத்திகைக்கு அண்ணியும் வந்து கதவோரம் உட்கார்ந்திருந்தார். ஓபோ ஒலிக்க வேண்டிய இடம் வந்ததும் மாஸ்டர் அண்ணாவைப் பார்த்துக் கையசைத்தார். அண்ணா தாளில் இருந்ததை இருந்தபடியே வாசித்தார். வயலின்கள் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம்.

“என்னம்மா, தூங்கிக்கிட்டே எழுதினியா?” என்றார் செல்லோக்காரர். சிரித்தார்கள். மனதிலேயே ஏற்றி வாசிப்பது அண்ணாவுக்கு ஒரு வேலையே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். சிரிப்பு தானாக அடங்கியது.

அண்ணி எழுந்து வந்தார். பாதி வழியில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏங்க, சின்னப் புள்ளையா நீங்க? என்ன பிடிவாதம் இது?”

“அது நீ வாசிக்கிறது.”

“வாசிச்சேன். அவ்வளவுதான்.”

தாளின் மேல் குனிந்து ஓரிடத்தில் விரல் வைத்தார். “இங்க மூச்சு எடுங்க. முன்னாடியே எடுத்துட்டா கடைசிவரைக்கும்…” முடிக்க அவருக்கு மூச்சு போதவில்லை.

அண்ணா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரியான சுரத்தில் ஆரம்பித்தார். ஒரு பிசிறு இல்லை. அண்ணி சொன்ன இடத்தில் மூச்சுக்காக வாயைத் திறந்தார். விம்மல்தான் வந்தது.

மாஸ்டர் கையை இறக்காமல் காத்திருந்தார்.