மூன்றாம் பெட்டிக்காரர்கள்

மெலாத்தி குடியிருப்பில் விடிவதற்கு வெகு முன்னாலேயே விளக்குகள் எரிய ஆரம்பித்துவிடும். முர்யாத்தி அடுப்படியில் நின்று சோயாவில் செய்த டெம்பேத் துண்டுகளைப் பொரித்துச் சாப்பாட்டு டப்பாவில் சோற்றின் மேல் அடுக்கினாள். ஓரத்தில் கொஞ்சம் மிளகாய்ச் சம்பல். வெளியே வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள்கள் உறுமிக்கொண்டு கிளம்பின. எல்லாம் சிபாருக் ரயில் நிலையத்துக்குப் போகிறவை. இன்னும் சற்று நேரத்தில் இந்தச் சந்தில் குழந்தைகளும், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்களும், பூனைகளும்தான் மிஞ்சும்.

அவள் புருஷன் பார்த்தோயோ குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தான். ஜகார்த்தாவில் கண்ணாடிச் சுவர் வைத்த உயரமான கட்டடம் ஒன்றில் ஆபீஸ் பாய் வேலை. கடன் வாங்கி இந்த இரண்டு அறை வீட்டை வாங்கியதிலிருந்து அவன் இருட்டில் போய் இருட்டில்தான் வருகிறான்.

"தவணை கட்டுறது நீங்க. குடியிருக்கிறது நானும் பிள்ளையும் பல்லியும்," என்றாள்.

அவன் லேசாகச் சிரித்தான். டப்பாவை வாங்கிப் பைக்குள் வைத்தான்.

"நேரமாச்சு," என்றான்.

அன்று சாயங்காலம் அவனுடைய நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு ஆள்.

"அக்கா, நான் இம்ரோன். அண்ணனோட ரயில்ல மூணாம் பெட்டியில வர்றவன். நீங்க எங்கயும் கிளம்ப வேணாம், வீட்லயே இருங்க. நாங்க அண்ணனைக் கூட்டிட்டு வர்றோம்."

கூட்டிட்டு வர்றோம் என்ற சொல்லை நம்பி முர்யாத்தி வெந்நீர் வைத்தாள். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கதவோரக் கம்பியில் சாய்ந்து, கண்ணை மூடி, அவன் எப்போதும்போல நின்றபடி வந்திருக்கிறான். மாலை ரயிலில் எல்லோருமே நின்றபடி தூங்குகிறவர்கள்தான். சுற்றிக் கூட்டம் இருந்தவரை அவன் விழவில்லை. சிபாருக்கில் கூட்டம் இறங்கியதும் அப்படியே சரிந்திருக்கிறான். எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் நடுவில் உயிர் போனது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை ஜனாஸா அடக்கத்துக்கு எதிர்வீட்டுக்காரரும் வேலைக்குப் போகாமல் வந்து தோள் கொடுத்தார். நல்ல மனிதர். ஆனால் வாசலில் இம்ரோனைத் தனியாக அழைத்து மெல்லிய குரலில் கேட்டது ஜன்னலுக்குப் பின்னால் இருந்த முர்யாத்தியின் காதில் விழுந்தது.

"தப்பா நினைக்காதீங்க. பார்த்தோயோங்கிறது யாரு? மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போவாரே, அவரா?"

"அவருதான்."

"நான் ரயில்ல எட்டாவது பெட்டி," என்றார் எதிர்வீட்டுக்காரர், மன்னிப்புக் கேட்பதுபோல.

ஏழாம் நாள் குர்ஆனிலிருந்து யாசீன் ஓதச் சந்துக்காரர்கள் கொஞ்சம் பேர் வருவார்கள் என்று கணக்குப் போட்டு முர்யாத்தி பாய் விரித்திருந்தாள். பொழுது சாய்ந்தது. ரயில் வந்துபோன சத்தம் கேட்டு அடங்கியதும் சந்து முனையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அலுவலகப் பையோடு, கழுத்தில் அடையாள அட்டையோடு, வேர்வை காயாத சட்டையோடு நேராக ரயிலிலிருந்து வந்தார்கள். செருப்புகளும் ஷூக்களும் வாசலை நிறைத்து எதிர்வீட்டு வாசல் வரை போயின. பாய் போதவில்லை. மகள் நிங்ரும் ஓடிப்போய்ப் பக்கத்து வீடுகளில் பாய் கேட்டு வாங்கி வந்தாள்.

ஓதி முடிந்து டீ வந்ததும் பேச்சு ஆரம்பித்தது. துணிக்கடையில் வேலை பார்க்கும் தெத்தி என்ற பெண் முர்யாத்தியின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எங்க ரெண்டாவது பையன் வயித்துல இருந்தப்ப பழைய ரயில். கதவே மூடாது. கூரை மேலெல்லாம் ஆளு. அண்ணன் தினமும் எனக்கு முன்னாடி கம்பிய ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நின்னுருவாரு. முதுகுல எத்தனை பேரு விழுந்தாலும் நகர மாட்டாரு. பிள்ளை பிறக்கிற வரைக்கும் அவர் முதுகுதான் எனக்குச் சுவரு."

"அதோட நின்னாரா," என்றான் இம்ரோன். "பழைய ரயில்ல ஸ்டேஷன் பேரு சொல்ல யாரு இருந்தா? அண்ணன்தான் சொல்வாரு. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, ஒலிபெருக்கி மாதிரியே. 'அடுத்த நிலையம் மாமியார் வீடு. இறங்குபவர்கள் தங்கள் தைரியத்தை மறக்காமல் எடுத்துச் செல்லவும்.' நான் கல்யாணம் ஆன புதுசு. பெட்டியே என்னைப் பார்த்துச் சிரிக்கும்."

வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுச் சாவு வீடு என்று நினைவு வந்து முர்யாத்தியைப் பார்த்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

கல்யாணமான புதிதில் அவன் அவளுடைய அப்பா ஆட்டுக்கு விலை பேசுவதைப் பேசிக் காட்டுவான். அவளுக்கு விக்கல் எடுக்கும் வரை நிறுத்த மாட்டான். இந்த வீட்டுக்கு வந்தபின் சோறு, தண்ணி, அலாரம் வச்சியா, இவ்வளவுதான் பேச்சு. வயசாகிவிட்டது, சிரிப்பு போய்விட்டது என்று அவள் நினைத்திருந்தாள். போகவில்லை. மூன்றாம் பெட்டியில் இருந்திருக்கிறது. ஒரு நிமிடம் இந்த வேர்வைச் சட்டைக்காரர்கள் எல்லோர் மீதும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.

"இன்னொன்னு சொல்லுங்க," என்றாள்.

அவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வறுத்த தோஃபு விற்கிறவன் கூடையோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டபோது பெட்டியே கைமாற்றிக் கைமாற்றிக் கூடையைக் கதவு வரை சேர்த்தது. மழையில் ரயில் நடுவழியில் நின்றபோது தண்டவாளத்தோடு எல்லோரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடியபடி நடந்தது. எல்லாக் கதையிலும் அவன் இருந்தான்.

பிறகு ஒரு நாள், பார்த்தோயோவுக்குச் சேரவேண்டிய பணத்தைக் கேட்க, அவனை வேலைக்கு எடுத்து அனுப்பிய நிறுவனத்துக்கு அவள் போய் வந்தாள். இம்ரோன் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூட வந்தான். அங்கே இருந்த இளைஞன் மரியாதையாகத்தான் பேசினான்.

"ஆழ்ந்த அனுதாபம்மா. ஆனா எங்க கணக்குல அவரு இந்த ஜனவரியிலதான் சேர்ந்தாரு."

"பத்தொன்பது வருஷமா அதே மாடியில வேலை பார்த்தாருங்க," என்றான் இம்ரோன்.

"மாடி அதேதான். கம்பெனி வேற வேற. அதுக்கு முன்னாடி இருந்ததெல்லாம் மூடிட்டாங்க. நாங்க என்ன செய்ய முடியும்?" அவன் முர்யாத்தி பக்கம் திரும்பினான். "அந்த இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. உங்களுக்கு விருப்பம்னா நீங்க வரலாம். புது ஆளாத்தான் சேர்க்க முடியும்."

வெளியே வந்ததும் இம்ரோன் சிகரெட்டைப் பற்றவைக்காமல் விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தான். "போகணும்னு கட்டாயமில்லக்கா."

"வீட்டை விட்ரலாம்னு சொல்றியா?"

அவன் சிகரெட்டைத் திரும்பப் பாக்கெட்டில் செருகினான்.

வேலையின் முதல் நாள் காலை நிங்ருமை எதிர்வீட்டு அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு நடைமேடைக்கு வந்தாள். கூட்டத்தைப் பார்த்ததும் பின்வாங்கினாள். ரயிலுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. தெத்தி.

"யோசிச்சா ஏற முடியாதுக்கா. முதல்ல முதுகை நுழைக்கணும், மனசு அப்புறம் வரும். உள்ள வாங்க."

கதவோரக் கம்பிக்கு அருகில் ஒரு ஆள் நிற்கும் அளவு இடம் விட்டிருந்தார்கள். முர்யாத்தி அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெட்டி குளிர்ந்திருந்தது. நிலையத்தின் பெயரை ஒரு பெண்குரல் பிசிறில்லாமல் சொன்னது. புதிதாக வந்த இளைஞர்கள் கைபேசியில் குனிந்திருந்தார்கள்.

"இப்ப ஏசி இருக்கு, விக்கிறவன் இல்ல, பாடுறவன் இல்ல," என்றாள் தெத்தி. "அப்ப நாத்தம் தாங்காது. ஆனா யாரு வரலைன்னாலும் தெரிஞ்சிரும். ரெண்டு நாள் வரலைன்னா வீடு தேடிப் போயிருவோம்."

அந்த மாடியின் சமையலறை மகளின் படுக்கையைவிடச் சற்றுதான் பெரிதாக இருந்தது. கூட வேலை பார்க்கும் ரூகாயா என்ற பெண், யாருக்கு எந்தக் கோப்பை, யாருக்குச் சீனி வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தாள். முர்யாத்தி முதல் காபியைக் கலக்கும்போது ஒரு அதிகாரி அம்மாள் வாசலில் எட்டிப் பார்த்தாள்.

"நீங்கதான் புதுசா? நல்லவேளை. கொஞ்ச நாளா காபியே சரியா வரல. முன்னாடி இருந்தாரே, அவரை வேற மாடிக்கு மாத்திட்டாங்களா?"

ரூகாயா வாயைத் திறந்தாள். முர்யாத்தி முந்திக்கொண்டாள்.

"ஆமாங்கம்மா."

"பேச்சே கிடையாது அவருகிட்ட. ஆனா கை சுத்தம்," என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

மதியம் ரூகாயா குளிர்பெட்டிக்குப் பின்னால் இருந்த இடுக்கைக் காட்டினாள். காகிதப் பெட்டிகளைப் பிரித்து, பசைநாடா ஒட்டி நீளமாக்கிய அட்டை ஒன்று சுவரோரம் விரிந்து கிடந்தது. தோளும் இடுப்பும் பட்ட இடங்களில் அட்டை பள்ளமாகிப் பளபளத்தது.

"அண்ணன் இதுலதான் கொஞ்சம் சாய்வாரு. தூக்கிப் போடச் சொன்னாங்க, எனக்கு மனசு வரல. நீங்க வேணும்னா படுங்கக்கா, உள்ள கூப்பிட்டு மணி அடிச்சா நான் பார்த்துக்கிறேன்."

முர்யாத்தி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெல்லப் படுத்தாள். முதுகுப் பக்கம் குளிர்பெட்டியின் சூடு அடித்தது. அவள் தோள் அந்தப் பள்ளத்தில் பொருந்தவில்லை. கொஞ்சம் கீழே நகர்ந்தாள். மறுபடி நகர்ந்தாள். பொருந்துவதற்குள் உள்ளே மணி அடித்தது.